மசாஜுக்குப் போறதுக்கு முன்னாடி தெரபிஸ்ட்டோட பதிவு நம்பரைப் பாத்துட்டுப் போங்க தம்பி

ஒரு தம்பி என்கிட்ட கேட்டது இதுதான். கனடாவுல ஒன்டாரியோ மாகாணம், மிசிசாகா வந்து ஆறு மாசம் ஆச்சு, நாள் முழுக்க லேப்டாப், கழுத்துலேர்ந்து வலது தோள்பட்டை வரைக்கும் இறுக்கிப் பிடிக்குது. ஆபீஸ் பெனிஃபிட்ஸ்ல, அதாவது ஆபீஸ்ல குடுக்கற ஹெல்த் இன்சூரன்ஸ்ல, மசாஜுக்கு வருஷம் 500 டாலர்னு போட்டிருக்கு, ஆனா மேப்ல தேடினா ஒரு மணி நேரத்துக்கு 50 டாலர்லேர்ந்து 140 டாலர் வரைக்கும் காட்டுது, இதுல யாரு நிஜ தெரபிஸ்ட், காசை எப்படித் திரும்ப வாங்கறது. கூடவே வைஃபுக்கும் இடுப்பு வலி, அவங்களுக்கு லேடி தெரபிஸ்ட் வேணும்னு கேக்கலாமா, தப்பா நினைப்பாங்களா.

நான் ஸ்கார்பரோல ஒரு ஃபிசியோ கிளினிக்ல எட்டு வருஷமா ஃப்ரண்ட் டெஸ்க். எனக்கு மசாஜ் பண்ணத் தெரியாது, ஆனா அதுக்கு பில் போட்டு, இன்சூரன்ஸ்காரங்ககிட்ட போன்ல மல்லுக்கட்டி, ரிஜெக்ட் ஆன கிளெய்மைத் தூக்கிட்டு முகம் சிவந்து வர்றவங்களுக்கு பதில் சொல்லிச் சொல்லியே தலை நரைச்சுப் போச்சு, அதனால காசு, பேப்பர் விஷயத்தை நம்பிக் கேக்கலாம்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. ஒன்டாரியோல மசாஜ் யார் வேணும்னாலும் பண்ணலாம். உடம்பைப் பிடிச்சு விடறதுக்கு சட்டத்துல தடை கிடையாது. சட்டம் காப்பாத்தறது பட்டத்தைத்தான். 1991-ல வந்த மசாஜ் தெரபி ஆக்ட்படி, 'மசாஜ் தெரபிஸ்ட்'னோ 'ரெஜிஸ்டர்ட் மசாஜ் தெரபிஸ்ட்'னோ, அதாவது நாங்க சொல்ற ஆர்எம்டின்னோ போட்டுக்கணும்னா சிஎம்டிஓல பதிவு பண்ணியிருக்கணும். சிஎம்டிஓன்னா காலேஜ் ஆஃப் மசாஜ் தெரபிஸ்ட்ஸ் ஆஃப் ஒன்டாரியோ. பேர்ல காலேஜ்னு இருக்கறதைப் பாத்துட்டு அங்க கிளாஸ் நடக்குதுன்னு நினைச்சுடாதீங்க, அது இந்தத் தொழிலைக் கண்காணிக்கற அமைப்பு, நம்ம ஊர் மெடிக்கல் கவுன்சில் மாதிரி. படிப்பு வேற இடத்துல முடிச்சு, எழுத்துத் தேர்வு, ஆளை வச்சு செஞ்சு காட்டற தேர்வு ரெண்டுலயும் தேறி வந்தாத்தான் பதிவு நம்பர் குடுப்பாங்க.

அதனால தான் மேப்ல அந்த விலை வித்தியாசம். 50 டாலர் போட்டிருக்கற கடை வாசல்ல 'ரிலாக்சேஷன் மசாஜ்', 'ஹோலிஸ்டிக்', 'பாடிவொர்க்', 'ரெஃப்ளெக்ஸாலஜி'ன்னு எல்லாம் எழுதியிருக்கும், மசாஜ் தெரபிஸ்ட்னு மட்டும் இருக்காது, இருந்தா மாட்டிக்குவாங்க. டொராண்டோல 'ஹோலிஸ்டிக் பிராக்டிஷனர்'னு சிட்டி ஒரு லைசன்ஸ் குடுக்குது, அதை ஃப்ரேம் போட்டு சுவத்துல மாட்டியிருப்பாங்க, அது தொழில் நடத்தறதுக்கு முனிசிபாலிட்டி குடுக்கற அனுமதி, ஆர்எம்டி பதிவு இல்ல. அங்க போகவே கூடாதுன்னு நான் சொல்லல, சில பேருக்கு கை நல்லா பதமா இருக்கும், சும்மா உடம்பு லேசாகணும்னா கைக்காசு போட்டுப் போயிட்டு வாங்க. ஆனா பெனிஃபிட்ஸ்ல கிளெய்ம் பண்ணலாம்னு நினைச்சுப் போகாதீங்க.

எப்படிப் பாக்கறதுன்னா, சிஎம்டிஓ சைட்ல பப்ளிக் ரெஜிஸ்டர் இருக்கு, யார் வேணா ஃப்ரீயா தேடலாம். பேரைப் போட்டா வர்ற பக்கத்துல மூணு இடத்தைப் பாருங்க. பதிவு 'ஜெனரல்'னு இருக்கா, 'இன்ஆக்டிவ்'னு இருக்கா. இன்ஆக்டிவ்னா அவங்க இப்ப ஒன்டாரியோல பேஷண்ட் பாக்கக் கூடாது. அடுத்து ஏதாவது நிபந்தனையோ தடையோ போட்டிருக்காங்களா. அப்புறம் ஒழுங்கு நடவடிக்கை, அது இருந்தா என்ன நடந்துச்சுன்னும் அங்கயே போட்டிருப்பாங்க. ரெண்டு நிமிஷ வேலை. கூகுள் ரிவ்யூல அஞ்சு ஸ்டாரைப் பாத்துட்டுப் போறவங்க நூத்துக்கு தொண்ணூறு பேர் இதைப் பாக்கறது இல்ல (இந்த நூத்துக்கு தொண்ணூறு என் கவுண்டர் கணக்கு, சர்வே இல்ல).

இப்ப ரசீது விஷயத்துக்கு வர்றேன், தம்பி இதை ரெண்டு தடவை படிங்க. மூணு வருஷம் முன்னாடி ஒரு அக்கா எங்க கவுண்டர்ல வந்து நின்னாங்க, கையில ரசீது கட்டு. எங்க ரசீது இல்ல, வேற ஒரு இடத்துது. இன்சூரன்ஸ்லேர்ந்து ஆடிட்னு லெட்டர் வந்திருக்கு, என்ன பதில் எழுதறதுன்னு தெரியல, பிள்ளைங்களோட ஃபிசியோவுக்கு எங்ககிட்ட வர்றவங்கங்கறதால என்கிட்ட கேக்க வந்தாங்க. நான் ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தேன், ஏழு ரசீதுலயும் ஒரு ஆம்பளை பேர், அவரோட நம்பர். "யாருக்கா இவரு, நல்லா பண்றாரா?"ன்னு சும்மா கேட்டேன். "ஆம்பளையா? எனக்குப் பண்ணினது ஒரு சின்னப் பொண்ணு, அதுவும் ரெண்டு தடவை ஃபேஷியல் தான் பண்ணிக்கிட்டேன், அங்க இருந்தவங்க தான் கவலைப்படாதீங்க மசாஜ்னு போட்டுத் தர்றோம்னாங்க"ன்னாங்க. அவ்வளவுதான், எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அவங்க வேணும்னு திருடல, உதவி பண்றாங்கன்னு நினைச்சுட்டாங்க. ஆனா கிளெய்ம்ல உள்ளது உண்மைன்னு கிளிக் பண்ணினது அவங்க கை, வேலை போனா போறது அவங்க வீட்டுக்காரரோடது. கடைசில வாங்கின காசு முழுக்கத் திருப்பிக் கட்டினாங்க, வேலை தப்பிச்சுது.

எல்லாருக்கும் தப்பிக்காது. டொராண்டோ பஸ், ட்ரெயின் ஓட்டற டிடிசில நடந்தது இங்க ஊரறிஞ்ச கதை. அது மசாஜ் இல்ல, ஷூவுக்குள்ள வைக்கற ஆர்தாட்டிக்ஸ், கம்ப்ரஷன் சாக்ஸ்னு ஒரு கடைலேர்ந்து போலி ரசீது வாங்கி கிளெய்ம் பண்ணினது, வெளிய வந்தப்ப 200-க்கு மேல ஊழியர்கள் டிஸ்மிஸ் ஆகியோ தானா விலகியோ வேலையை விட்டுப் போனாங்க. அதனால உங்க உடம்பைத் தொட்டவங்க யாரோ அவங்க பேர், அவங்க நம்பர், தொட்ட தேதி, எத்தனை நிமிஷம், எவ்வளவு வாங்கினாங்க, இதெல்லாம் நடந்தது நடந்தபடி ரசீதுல இருக்கணும். ஒண்ணு மாறினாலும் அங்கயே நின்னு திருத்தி வாங்குங்க. "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க"ன்னு ஒருத்தர் சொன்னா அந்த வாசலை விட்டு இறங்கிடுங்க.

காசு. ஓஹிப்ல, அதாவது ஒன்டாரியோ அரசாங்கத்தோட மருத்துவ இன்சூரன்ஸ்ல, மசாஜுக்கு ஒரு சல்லி வராது. ஒரு தடவை 72 வயசு அம்மா ஒருத்தங்க, யாழ்ப்பாணத்துக்காரங்க, விலையைக் கேட்டுட்டு என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க: "என்ன பிள்ளை, டொக்டரிட்டப் போனா ஒரு சதமும் கேக்கிறேல்ல, முதுகு உருவி விடுறதுக்கு நூற்றி இருபத்தி நாலு டொலரோ?" நியாயமான கேள்வி. அவங்களுக்கு மசாஜ் புக் பண்ணல, வேற வழி சொன்னேன். 65 வயசோ அதுக்கு மேலயோ இருந்தா அரசாங்கம் காசு குடுக்கற ஃபிசியோதெரபி கிளினிக் இருக்கு, டாக்டர் ரெஃபரல் வாங்கிட்டுப் போனா போதும். 19 வயசும் அதுக்குக் கீழயும் உள்ள பிள்ளைங்களுக்கும், ஒன்டாரியோ வொர்க்ஸ் (வருமானம் இல்லாதவங்களுக்கு), ஓடிஎஸ்பி (மாற்றுத்திறனாளிகளுக்கு) அரசாங்க உதவில இருக்கறவங்களுக்கும், ஆஸ்பத்திரில ராத்தங்கி இருந்து வெளிய வந்தவங்களுக்கும் கூட உண்டு. எல்லா ஃபிசியோ கிளினிக்கும் இதுல சேத்தி இல்ல, போன் பண்ணி கேட்டுட்டுப் போகணும். அந்தம்மா ரெண்டு மாசம் கழிச்சு எனக்கு ஒரு பை வேப்பம்பூ வடகம் கொண்டு வந்து குடுத்தாங்க, அது தனிக்கதை.

உங்களுக்கு ஆபீஸ் பிளான் இருக்கறதால கணக்கு வேற. 500 டாலர்னு பாத்ததோட நிறுத்தாதீங்க, புக்லெட்ல அந்த வரிக்கு மேலயும் கீழயும் படிங்க. எத்தனை சதவீதம் குடுப்பாங்க, 100-ஆ 80-ஆ. ஒரு விசிட்டுக்கு இவ்வளவுதான்னு தனி உச்சவரம்பு இருக்கா. அந்த 500 மசாஜுக்கு மட்டுமா, இல்ல ஃபிசியோ, கைரோ (முதுகெலும்பைச் சரி பண்ற சிகிச்சை) எல்லாம் ஒரே பானைல இருந்து எடுக்கணுமா. டாக்டர் லெட்டர் கேக்கறாங்களா. இந்த லெட்டர்ல தான் நெறைய பேர் விழறாங்க. சட்டப்படி ஆர்எம்டிகிட்ட போறதுக்கு டாக்டர் லெட்டர் எதுவும் தேவையில்ல, நேரா புக் பண்ணலாம், ஆனா உங்க பிளான் கேட்டா கேட்டதுதான், லெட்டர் தேதி மசாஜ் தேதிக்கு முன்னாடி இருக்கணும். பின்னாடி வாங்கிட்டு வந்து "கொஞ்சம் முன் தேதி போட்டுத் தர முடியுமா"ன்னு என்கிட்ட கேட்டவங்க உண்டு. முடியாது. அப்புறம் 'ரீசனபிள் அண்ட் கஸ்டமரி'ன்னு ஒரு வார்த்தை வரும், அதாவது உங்க ஏரியால ஒரு மணி நேர மசாஜுக்கு இவ்வளவுதான் நியாயமான விலைன்னு கம்பெனியே ஒரு தொகை வச்சிருக்கும், அதுக்கு மேல நீங்க குடுத்தது உங்க கைக்காசு.

ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். ஒரு மணி நேரம் 110 டாலர்னு வச்சுக்கோங்க, எங்க பக்கம் சாதாரண விலை. மசாஜுக்கு எச்எஸ்டி, அதாவது விற்பனை வரி, உண்டு, ஃபிசியோவுக்குக் கிடையாது, இது பல பேருக்குத் தெரியாது. 13 சதவீதம் சேத்தா 124.30. பிளான் 80 சதவீதம்னா அவங்க 99.44 குடுப்பாங்க, நீங்க 24.86. அப்படிப் பாத்தா 500 டாலர் அஞ்சு விசிட்ல காலி. அதே இடத்துல அரை மணி நேரம் 75 டாலர்னா வரியோட 84.75, பிளான் குடுக்கறது 67.80, ஏழு விசிட் வரும். கழுத்து, தோள்பட்டை மட்டும்தான் பிரச்சனைன்னா என் ஓட்டு அரை மணிக்குத்தான், ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னு பிரிச்சுப் போங்க. 90 நிமிஷம் படுத்து எழுந்திரிச்சா அன்னைக்கு சொர்க்கமா இருக்கும், அப்புறம் மூணு மாசத்துக்கு அதே நாற்காலி, அதே லேப்டாப்.

வைஃப் வேலைக்குப் போறாங்களா? அவங்க ஆபீஸ்லயும் பிளான் இருந்து நீங்க ஒருத்தர் பிளான்ல இன்னொருத்தரைச் சேத்திருந்தீங்கன்னா அந்த 24.86-ஐயும் விட வேண்டாம். உங்க கிளெய்ம் முதல்ல உங்க பிளானுக்கு, மிச்சம் அவங்க பிளானுக்கு. அவங்களுது நேர்மாறா. பிள்ளைங்களுக்குன்னா அப்பா அம்மால யாரோட பிறந்தநாள் காலண்டர்ல முன்னாடி வருதோ அவங்க பிளான் முதல்ல. வயசு இல்ல, மாசமும் தேதியும்தான் கணக்கு. சில ஆபீஸ்ல ஹெல்த் ஸ்பெண்டிங் அக்கவுண்ட்னு தனியா ஒரு தொகை இருக்கும், மிச்சத்தை அதுலேர்ந்தும் எடுக்கலாம்.

அதுக்கும் மேல கைலேர்ந்து போனது டாக்ஸ்ல மெடிக்கல் எக்ஸ்பென்ஸா போகும், ஒன்டாரியோ ஆர்எம்டிக்குக் குடுத்தது செல்லும். ஆனா ஒரு வாசற்படி உண்டு, உங்க நிகர வருமானத்துல 3 சதவீதம், இல்லன்னா அந்த வருஷத்துக்கான தொகை (2024-க்கு 2,759 டாலர்), ரெண்டுல எது கம்மியோ அதைத் தாண்டினாத்தான் பலன். மசாஜ் மட்டும் தாண்டாது, பல்லு, கண்ணாடி, மருந்து, சம்பளத்துல பிடிக்கற ஹெல்த் பிளான் பிரீமியம் எல்லாம் கூட்டிப் பாருங்க, பொதுவா வருமானம் கம்மியா இருக்கறவங்க பேர்ல போட்டா லாபம்.

டைரக்ட் பில்லிங்னு ஒண்ணு இருக்கு, கிளினிக்கே இன்சூரன்ஸுக்கு நேரா அனுப்பிடும், நீங்க மிச்சம் மட்டும் கட்டுவீங்க. சன் லைஃப், மேனுலைஃப், கனடா லைஃப், கிரீன் ஷீல்ட் எல்லாம் பெரும்பாலும் போகும், ஆனா உங்க பிளானுக்குப் போகுமான்னு புக் பண்றப்பவே கேளுங்க. இன்னொண்ணு, இன்சூரன்ஸ்காரங்க டீலிஸ்ட் பண்ணின, அதாவது இனி இவங்க ரசீதை எடுக்க மாட்டோம்னு ஒதுக்கின, கிளினிக், தெரபிஸ்ட் பட்டியல் வச்சிருப்பாங்க. உங்க லாகின்ல பாக்கலாம், இல்லன்னா போன் பண்ணி கேக்கலாம். ஆர்எம்டி நம்பர் சரியா இருந்தும் அந்த கிளினிக் பட்டியல்ல இருந்தா கிளெய்ம் சுத்தமா போச்சு.

டிப்ஸ் பத்தி நீங்க கேக்கல, ஆனா எல்லாரும் கவுண்டர்ல வந்து தயங்கி நிப்பாங்க. வேண்டாம். இது ஹெல்த் கேர், டாக்டருக்கு டிப்ஸ் வைக்கறோமா? ஸ்பாவுக்குள்ள இருக்கற ஆர்எம்டின்னா கார்ட் மெஷின்ல 18 சதவீதம், 20 சதவீதம்னு கேக்கும், ஸ்கிப் அமுக்குங்க, வச்சாலும் அது கிளெய்ம்ல வராது. 24 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லாம வராம இருந்தா நெறைய இடத்துல முழு காசு பிடிப்பாங்க, அதுக்கும் இன்சூரன்ஸ் தராது. பத்து விசிட் பேக்கேஜ் இப்பவே கட்டினா தள்ளுபடின்னு சொன்னாலும் கட்டாதீங்க, நடந்து முடிஞ்ச விசிட்டுக்குத்தான் பிளான் காசு குடுக்கும், நடுவுல தெரபிஸ்ட் வேற ஊருக்குப் போயிட்டா யாருகிட்ட போய் நிப்பீங்க?

பிளானே இல்லாதவங்க இதைப் படிச்சா, மசாஜ் தெரபி சொல்லிக் குடுக்கற காலேஜ்கள்ல ஸ்டூடண்ட் கிளினிக் நடத்துவாங்க, டீச்சர் மேற்பார்வைல படிக்கற பசங்க பண்ணுவாங்க, வெளிய குடுக்கறதுல ஒரு பங்குதான் ஆகும். நிதானமா, புக்ல இருக்கற மாதிரியே எல்லாக் கேள்வியும் கேட்டுப் பண்ணுவாங்க, எனக்கு என்னவோ அது பிடிக்கும். கிளெய்ம் பண்ண முடியாது, அவங்களுக்கு இன்னும் நம்பர் வரல.

முதல் விசிட்ல ஒரு நல்ல ஆர்எம்டி நேரா மேஜைல படுக்கச் சொல்ல மாட்டாங்க. ஃபார்ம் குடுப்பாங்க, பழைய வியாதி, ஆபரேஷன், மாத்திரை எல்லாம் கேப்பாங்க, கழுத்தைத் திருப்புங்க, கையைத் தூக்குங்கன்னு பாப்பாங்க, எங்க தொடப்போறோம், எதுக்குன்னு சொல்லி சம்மதம் வாங்குவாங்க. நீங்க துணி மாத்தற நேரம் வெளிய போயிடுவாங்க. எவ்வளவு கழட்டறதுங்கறது உங்க இஷ்டம், சட்டையோடவே பண்ணிக்கறவங்களும் உண்டு. எந்த இடத்துல வேலை நடக்குதோ அது மட்டும்தான் திறந்திருக்கும், மத்ததெல்லாம் போர்வைக்குள்ள. ஒரு மணின்னு புக் பண்ணினா இந்தக் கேள்வி பதிலும் அந்த ஒரு மணிக்குள்ள வர்ற இடம் உண்டு, அதையும் முன்னாடியே கேட்டுக்கோங்க. அழுத்தம் அதிகமா இருந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காதீங்க, வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு நம்ம ஆளுங்களுக்கு ஒரு நினைப்பு, சொன்னா குறைப்பாங்க.

சில நேரம் மசாஜுக்கே போகக் கூடாது. கை மரத்துப் போகுது, பிடிக்கற பொருள் நழுவுதுன்னா முதல்ல டாக்டர். இடுப்பு வலியோட தொடை நடுவுல மரத்து, யூரின் கண்ட்ரோல் போச்சுன்னா நேரா எமர்ஜென்சி. ஊருக்குப் போயிட்டு பதினாலு பதினஞ்சு மணி நேரம் ஃபிளைட்ல உக்காந்து வந்து, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி சூடா வலிச்சா அதை யாரையும் அமுக்க விடாதீங்க, ரத்தக்கட்டி இருக்கலாம், அதுக்கும் எமர்ஜென்சிதான். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, மாசமா இருக்கறவங்க போகலாம், ஆனா சொல்லிட்டுப் படுக்கணும். சந்தேகமா இருந்தா 811-க்கு போன் போடுங்க, நர்ஸ் பேசுவாங்க, காசு இல்ல.

கார் ஆக்ஸிடென்ட்ல வந்த வலின்னா அது வேற ரூட்டு, ஆட்டோ இன்சூரன்ஸ்லயே சிகிச்சைக்குக் காசு இருக்கு, சின்ன காயம்னு வகைப்படுத்தினா எல்லா சிகிச்சைக்கும் சேத்து 3,500 டாலர் வரைக்கும். கிளினிக்ல மொத நாளே ஆக்ஸிடென்ட்னு சொல்லிடணும், ஃபார்மே வேற. கேல்கரிலயோ மான்ட்ரியல்லயோ சொந்தக்காரங்க இருந்து இதை ஃபார்வர்ட் பண்ணப் போறீங்கன்னா ஒரு வார்த்தை, இந்தப் பதிவு நம்பர் சமாச்சாரம் ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா, நியூ பிரன்ஸ்விக், நியூஃபவுண்ட்லேண்ட், பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்ட் மாதிரி சில மாகாணத்துல தான். கேல்கரி இருக்கற ஆல்பர்ட்டா, மான்ட்ரியல் இருக்கற கியூபெக்ல அரசாங்கப் பதிவு கிடையாது, சங்கங்கள்தான், எந்த சங்கத்து ரசீதை எடுப்பாங்கன்னு பிளான்ல கேக்கணும்.

வைஃப் விஷயம். லேடி தெரபிஸ்ட் வேணும்னு தாராளமா கேக்கலாம், ஒரு நாளைக்கு பத்து பேர் எங்ககிட்ட கேக்கறாங்க, காரணம் கூட சொல்ல வேண்டாம். இடுப்பு வலின்னா பின்பக்கத் தசைல வேலை பண்ண வேண்டி வரலாம், அந்த மாதிரி இடங்கள், உள்தொடை, மார்புப் பக்கம் எல்லாம் தொடறதுக்கு முன்னாடி எழுத்துல சம்மதம் வாங்கணும்னு விதி. கையெழுத்து போட்டுட்டாலும் நடுவுல வேண்டாம்னு தோணினா வேண்டாம்னு சொல்லிடலாம், அந்த நொடியே நிறுத்தணும். கூட ஒருத்தர் ரூம்ல இருக்கணும்னாலும் கேக்கலாம். ஏதாவது தப்பா பட்டுச்சுன்னா கிளினிக் முதலாளிகிட்ட சொல்லிட்டு சும்மா இருந்துடாதீங்க, சிஎம்டிஓகிட்ட நேரா புகார் குடுக்கலாம், வழக்கு மாதிரி செலவெல்லாம் இல்ல. நான் சொன்ன பப்ளிக் ரெஜிஸ்டர்ல வர்ற ஒழுங்கு நடவடிக்கைல பலதும் இப்படி யாரோ ஒருத்தர் எழுதிப் போட்டதுலேர்ந்து ஆரம்பிச்சதுதான்.

டிசம்பர் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க தம்பி. நெறைய பிளான் ஜனவரி ஒண்ணாம் தேதி புதுசாகும், மிச்சம் இருக்கற காசை முடிக்கணும்னு டிசம்பர்ல ஊரே கிளம்பி வரும், நல்ல தெரபிஸ்ட்கிட்ட சனிக்கிழமை ஸ்லாட் நவம்பர்லயே தீந்துடும். வைஃப் முதல் தடவை போறப்ப அவங்க சாப்பிடற மாத்திரை பேரெல்லாம் ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு வரச் சொல்லுங்க. "அந்த வெள்ளை கலர் சின்ன மாத்திரைங்க"ன்னு சொல்லி அதைக் கண்டுபிடிக்கறதுலயே எங்க கவுண்டர்ல பாதி நேரம் போகுது.